சுவரில் ஒட்டிய கண்ணாடித் துண்டு

தம்பி,

சாப்பிட்டாயா என்று கேட்டு ஆரம்பிக்க மாட்டேன். கேட்டால் "ம்" என்பாய். அந்த "ம்"முக்கு இட்லி என்று அர்த்தமா, பட்டினி என்று அர்த்தமா என்று உன்னைப் பெற்ற எனக்கே இன்னும் விளங்கவில்லை. போனில் பேசலாம் என்றால் நான் பாதியில் சத்தம் போட்டுவிடுகிறேன், நீ பாதியில் வைத்துவிடுகிறாய். உன் அப்பாதான், "எழுதிப் போடு. எழுதும்போதாவது ஒனக்குக் கோவம் கொறையும்" என்றார். குறைகிறதா என்று கடைசியில் பார்ப்போம். தீபாவளிக்கு வந்து சண்டையோடு போனவன், தங்கச்சி மலர் கல்யாணத்துக்கு வருகிறேன் என்று இதுவரை வாயைத் திறந்து சொல்லவில்லை. போன வாரம் மலரிடம் மட்டும் பேசியிருக்கிறாய். பேசினாயே, நல்லதாக நாலு வார்த்தை பேசினாயா? "இந்தப் படிப்பே வேணாம். பரீட்சைய எழுதிட்டு எவனாவது கான்ட்ராக்டர்கிட்ட சேந்துக்கிறேன். கட்டுறவனுக்குத்தான் மரியாதை, கொறை சொல்றவனுக்கு இல்ல" என்றாயாம். அவள் அதை வந்து சொன்னபோது நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். நான் அழுதது வெங்காயத்தால் இல்லை.

கட்டடங்களில் வரும் பழுதை ஆராய்வதற்கென்றே ஒரு படிப்பு இருக்கிறது, சென்னைக்குப் போய் அதைப் படிக்கப் போகிறேன் என்று நீ சொன்ன நாளில் உன்னை அதிகம் கேலி செய்தவள் நான்தான். "ஊரு பூரா கட்டுறதுக்குப் படிக்குது, எம் மகன் இடிஞ்சு விழுறதுக்குப் படிக்கப் போறான்" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரித்தேன். திருக்கோகர்ணத்தில் நம் தெருவில் யாராவது பையன் என்ன படிக்கிறான் என்று கேட்டால், விளக்கிச் சொல்லத் தெரியாமல் "பில்டிங்குக்கு டாக்டர்" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன். எனக்கு அதில் கொஞ்சம் வீம்பும் இருந்தது. உன் அப்பா குவைத்தில் இருந்த காலத்தில் இந்த வீட்டைக் கூடவே நின்று கட்டியவள் நான். கந்தர்வக்கோட்டைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு வேலையை முடித்துவிட்டு, பஸ் பிடித்து வந்து, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு சுவருக்குத் தண்ணீர் விட்டவள். செங்கல்லைத் தட்டிச் சத்தம் கேட்டுத்தான் லாரியிலிருந்து இறக்கவே விடுவேன். கொத்தனார்கள் என் தலையைக் கண்டாலே பேச்சை நிறுத்திவிட்டுக் கரண்டியை எடுப்பார்கள். அப்படிக் கட்டிய வீட்டில், நேற்றுப் பிறந்த நீ டார்ச் லைட்டை அடித்துப் பார்த்தால் எனக்கு எப்படி இருக்கும், சொல்லு.

போன கோடையில் வந்தபோது முன்னறையில் மாட்டியிருந்த தினசரி காலண்டரை நீ நகர்த்தினாய். அதன் பின்னால் ஜன்னல் மூலையிலிருந்து படிப்படியாக மேலே ஏறிப் போகும் விரிசல் இருந்தது. அது அங்கே இருப்பது எனக்குத் தெரியாதா? தெரிந்துதானே காலண்டரை அங்கே மாட்டியிருந்தேன். திட்டப் போகிறாய் என்று நினைத்தேன். நீயோ பையிலிருந்து கோடு போட்ட ஒரு அட்டையை எடுத்து விரிசல் மேல் வைத்து அகலம் பார்த்தாய். பிறகு மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை விரிசலுக்குக் குறுக்கே வைத்து, இரண்டு முனையையும் பசை போட்டு ஒட்டி, பக்கத்தில் பென்சிலால் தேதி எழுதினாய். "சொவரு இன்னும் அசையுதுன்னா கண்ணாடி ஒடைஞ்சிரும்மா. ஒடையலைன்னா அது எப்பவோ வந்து நின்னு போன விரிசல், பயம் இல்ல. ஒரு கோடையும் ஒரு மழையும் போகட்டும். தொடாம மட்டும் வச்சிரு" என்றாய். நானும் நல்ல பிள்ளை மாதிரி தலையாட்டினேன். மீதிக் கண்ணாடிகளைப் பொட்டலமாகக் கட்டி உன் அலமாரியில் வைத்துவிட்டுப் போனாய்.

ஆவணியில் மலரைப் பெண் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். எனக்குக் கை கால் ஓடவில்லை. வருகிறவர்கள் உட்காரும் இடத்துக்கு நேர் எதிரே அந்த விரிசலும் கண்ணாடியும், அடிபட்ட முழங்காலில் பிளாஸ்திரி போட்ட மாதிரி. சம்பந்தியாகப் போகிறவர் அதைப் பார்த்து, என்ன வீடு இது என்று நினைத்துவிட்டால்? கத்தியை எடுத்துச் சுரண்டினேன். தெருமுனைப் பெயின்டரைக் கூப்பிட்டுப் பட்டி பார்த்து, மேலே சந்தனக் கலரும் அடித்தாகிவிட்டது. வந்தவர்கள் கேசரி சாப்பிட்டார்கள், பெண்ணைப் பிடித்திருக்கிறது என்றார்கள், எல்லாம் நல்லபடியாக முடிந்தது. தீபாவளிக்கு வந்த நீ செருப்பைக்கூடக் கழற்றாமல் அந்தச் சுவரைப் பார்த்தாய். "ஏம்மா, அதை ஏன் எடுத்த? இத்தன மாசம் சொவரு என்ன பண்ணுச்சுன்னு இனிமே எப்படித் தெரியும்?" என்று மட்டும் கேட்டாய். நான், "கல்யாணம் பேசுற வீட்ல விரிசலையா காட்டுவாக?" என்று மல்லுக்கு நின்றேன். கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்று அப்போதே எனக்குத் தெரியும்.

விரிசல் என்றால் நம் ஆட்களுக்கு இரண்டு வழிதான் தெரியும். ஒன்று, மேலே பூசி மறைப்பது. மற்றது, கண் பட்டுவிட்டது என்று சொல்லி வாசலில் படிகாரத்தைக் கட்டுவது. நான் வேலை பார்த்த சத்துணவுக் கூடத்தில் ஒருநாள் காலையில் மேலே இருந்து ஒரு பாளம் காரை பெயர்ந்து, அடுப்பிலிருந்து இறக்கி வைத்திருந்த சாம்பார் அண்டாவுக்குப் பக்கத்தில் விழுந்தது. பிள்ளைகள் தட்டோடு வந்து உட்காரும் இடம் அது. அன்றைக்கு அவர்கள் வருவதற்கு இன்னும் நேரம் இருந்தது. எல்லாரும் ஓடி வந்து பார்த்துவிட்டு, "நல்ல வேளை, திருஷ்டி கழிஞ்சிருச்சு" என்றார்கள். நானே போய்ப் பூசணிக்காய் வாங்கி வந்து சுற்றி உடைத்தேன். பிறகு கூட்டிப் பெருக்கிவிட்டுச் சோறு வடித்தோம். அந்த இடத்தில் அப்புறம் நான் பிள்ளைகளை உட்கார வைக்கவில்லை என்பது உண்மை. ஆனால் அது ஏன் விழுந்தது, பக்கத்தில் இருப்பதும் விழுமா என்று யாரையும் கேட்கவில்லை. அன்று சாயங்காலம் உன்னிடம் சொன்னபோது நீ மட்டும்தான், "ஏம்மா விழுந்துச்சு?" என்று கேட்டாய். "கண்ணு பட்டுருச்சு" என்றேன். "கண்ணு பட்டா காங்கிரீட் விழுமா?" என்று மறுபடி கேட்டாய். போய்ப் படிடா என்று விரட்டினேன். நீ அதைத்தான் படிக்கப் போனாய் என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

உன் மாமா விஷயத்துக்கு வருகிறேன். அண்ணன் சிங்கப்பூரில் இருந்து திரும்பி வந்ததும் கறம்பக்குடி ரோட்டில் அந்த மண்டபத்தைக் கட்டினார். கீழே சாப்பாட்டுக் கூடம், மேலே கல்யாணக் கூடம். மலர் பிறந்தபோது ஆஸ்பத்திரியிலேயே, "எந் தங்கச்சி மகளுக்கு எம் மண்டபத்துலதான் கல்யாணம், இதுதான் தாய்மாமன் சீரு" என்று வாக்குக் கொடுத்தவர். அப்போது மண்டபத்துக்கு அஸ்திவாரம்கூடத் தோண்டவில்லை. மலருக்கு நிச்சயம் ஆனதும், பிள்ளை கல்யாணம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று கீழ்க்கூடம் முழுக்க ஃபால்ஸ் சீலிங் போட்டார். சதுரம் சதுரமாக வெள்ளை அட்டை, நடுவில் விளக்கு. எதையும் மறைப்பதற்காக அவர் அதைப் போடவில்லை, தம்பி. ஆசைப்பட்டுப் போட்டார். இதை நீ மறந்துவிடக் கூடாது.

தீபாவளிக்கு மறுநாள் சம்பந்தி வீட்டார் மண்டபத்தைப் பார்க்க வந்ததும், நாம் எல்லாரும் போனதும் உனக்கு நினைவிருக்கும். நான் என் பக்கத்திலிருந்து பார்த்ததை எழுதுகிறேன். அண்ணன் எல்லாருக்கும் காபி கொடுக்கச் சொன்னார். நீ டம்ளரை வாங்கிப் பக்கத்து மேசையில் வைத்துவிட்டு மேலேயே பார்த்துக்கொண்டு நடந்தாய். அண்ணன் விளக்கையெல்லாம் போட்டுக் காட்டி, "பாத்தீங்களா சம்பந்தி, எப்படி இருக்கு!" என்று பூரித்து நிற்கிறார். கூடத்தின் கடைசி மூலையில் நின்றுகொண்டு நீ கேட்டாய்: "மாமா, இந்தக் கறை எப்ப வந்துச்சு?"

"அது ஏசித் தண்ணி மாப்ள."

"ஏசி அங்கிட்டுல்ல இருக்கு? கறை இங்கிட்டு இருக்கே. இதுக்கு மேல என்ன மாமா இருக்கு, பொண்ணு ரூம் பாத்ரூமா? ரெண்டு அட்டையத் தூக்கிக் காட்டுங்க. தளத்த ஒருதடவ பாத்துடுறேன்."

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. நீ படிச்ச பய. மண்டபம் பலமா இருக்குன்னு சம்பந்திக்கு ஒரு வார்த்தை சொல்லு."

"பாக்காத எடத்த நல்லா இருக்குன்னு எப்படி மாமா சொல்றது? பாக்கல, தெரியாதுன்னுதான் சொல்ல முடியும். தெரியுற வரைக்கும் இந்தப் பக்கம் பந்தி போடாதீங்க."

சம்பந்தி தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தார், பிறகு மெதுவாக இரண்டு எட்டு தள்ளி நின்றுகொண்டார். அதைப் பார்த்ததும் அண்ணன் முகம் கறுத்துப் போனது. "நான் கட்டுன மண்டபத்துக்கு எழவு சொல்ல வந்தியாடா நீ?" என்றார். காரில் ஏறும்போது என்னிடம், "இவன் வந்து நிக்கிற கல்யாணத்துக்கு வேற மாமனப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். தாய்மாமன் மாலை எடுத்துத் தராத கல்யாணம் நம்மிடத்தில் உண்டா? ஊர் என்ன பேசும்? அந்தப் பயத்தில்தான் வீட்டுக்கு வந்து உன்மேல் பாய்ந்தேன். "ஒனக்கு எதப் பாத்தாலும் ஓட்டைதான் தெரியுமா? போய் மாமன்கிட்ட மன்னிப்புக் கேளு. மண்டபம் நல்லா இருக்குன்னு ஒத்த வார்த்தை சொல்லிட்டு வா" என்றேன். நீ, "அந்த ஒத்த வார்த்தையத்தான்மா சொல்ல முடியாது" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனாய். அதிரசத்தைக்கூட எடுத்துப் போகவில்லை. அது டப்பாவிலேயே கிடந்து கல்லாகிவிட்டது.

போன வாரம் மலர் வந்து, நீ படிப்பை விடப்போவதாகச் சொன்னாள் இல்லையா, அதற்கு மறுநாள் காலையில் நான் கறம்பக்குடிக்குப் பஸ் ஏறினேன். உன் அப்பாவிடம் பந்திக்கு இடம் பார்க்கப் போவதாகச் சொன்னேன். உண்மையில் எனக்கு ஒரே ஒரு விஷயம் தெரிய வேண்டியிருந்தது. நீ சொன்னது தப்பு என்றால் நேரில் வந்து உன் காதைத் திருக வேண்டும். சரி என்றால் உன்னைப் படிப்பை விட்டு ஓட வைத்தது நான்தான் என்று எனக்குத் தெரிய வேண்டும். அண்ணன் மண்டபத்தில்தான் இருந்தார். நான் உடனே எதையும் ஆரம்பிக்கவில்லை. காபியை வாங்கிக் குடித்தேன். பிள்ளைகுட்டிகளை விசாரித்தேன். சிங்கப்பூரில் இருந்து அவர் அனுப்பிய முதல் போட்டோவில் தலையில் ஹெல்மெட்டோடு நின்றதை ஞாபகப்படுத்தினேன், இருவரும் சிரித்தோம். பிறகு கூடத்தின் கடைசி மூலைக்குப் போனோம். கறை தீபாவளிக்குப் பார்த்ததைவிட அகலமாகியிருந்தது. ஒரு அட்டை நடுவில் தொப்பை போட்டுத் தொங்கியது. எனக்கு அந்தச் சாம்பார் அண்டா நினைவுக்கு வந்தது.

"அண்ணே, அந்த ஒரு அட்டையத் தூக்கிப் பாப்போமா?" என்றேன்.

"நீயுமா ஆத்தா?"

"எம் மக கல்யாணத்துக்கு வர்ற சனம் இங்கனதான உக்காரப் போகுது? ஒந் தங்கச்சி கேக்குறேன். எனக்காகப் பாரு."

அண்ணன் ஆள் யாரையும் கூப்பிடாமல் அவரே ஏணியைத் தூக்கி வந்து ஏறினார். அட்டையின் ஒரு ஓரத்தை மெல்ல நெம்பினார். அது லேசாக வரவில்லை. "என்ன இம்புட்டுக் கனக்குது?" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் அட்டை சாய்ந்தது. அதன் மேல் கிடந்த காங்கிரீட் பாளம், நம் வீட்டுத் தோசைக்கல் அகலம் இருக்கும், சறுக்கிக் கீழே தரையில் விழுந்து சிதறியது. இலை போடும் வரிசைக்கு நேரே விழுந்தது. விழுந்த துண்டுகளில் துருவேறிய கம்பியின் செந்தடம் இருந்தது. மேலே பார்த்தால் கம்பியெல்லாம் வெளியே தெரிய, தளம் ஈரமாக மின்னியது. அந்தப் பாளம் எப்போதோ தளத்திலிருந்து கழன்று விழுந்திருக்கிறது. அட்டை அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு இருந்ததால் ஒருவருக்கும் தெரியவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன், அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

அண்ணன் இறங்கி வந்து ஒரு பிளாஸ்டிக் சேரை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அதற்கு முந்தின முகூர்த்தத்தில்கூட அங்கே பந்தி நடந்திருக்கிறது. நான் பழக்க தோஷத்தில் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"திருஷ்டி கழிஞ்சிருச்சுன்னு மட்டும் சொல்லாத ஆத்தா."

பிறகு, "அந்தப் பய பாக்காமலே சொல்லிட்டான்" என்றார். எனக்கு அங்கேதான் தம்பி பொறுக்க முடியவில்லை. "இல்ல அண்ணே. பாக்காம சொல்ல மாட்டேன்னுதான் சொன்னான். அதுக்குத்தான் நாம அவன விரட்டிட்டோம்" என்றேன். அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்றைக்கே மண்டபத்தைப் பூட்டினார். வாசலில் வாழ்த்துப் பலகை வைக்கும் இடத்தில், "பழுது பார்க்கப்படுகிறது" என்று எழுதித் தொங்கவிட்டிருக்கிறார். தை முகூர்த்தம் நெருங்கும் நேரத்தில் ஒரு மண்டபக்காரர் அப்படி எழுதி வைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று உனக்குத் தெரியும். பதிவு செய்திருந்தவர்கள் வீட்டுக்கெல்லாம் அவரே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். சிலர் திட்டினார்களாம், ஒரு வீட்டில் மட்டும் உட்காரவைத்து மோர் கொடுத்தார்களாம்.

புதுக்கோட்டையில் இருந்து லைசென்ஸ் உள்ள ஒரு இன்ஜினியர் வந்து பார்த்தார். அட்டைகளை எல்லாம் இறக்கிவிட்டு, தளத்தைச் சுத்தியலால் தட்டித் தட்டிக் கேட்டார், கெட்ட இடத்தைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டார். நீ தட்டும் அதே மாதிரி தலையைச் சாய்த்துக்கொண்டு தட்டினார். எனக்கு உன் ஞாபகம் வந்துவிட்டது. மேலே பெண் அறைக் குளியலறைக் குழாயில் கசிவு, அது பல வருஷமாக ஊறிக் கம்பியைத் தின்றிருக்கிறது என்றார். அந்தக் கடைசிப் பகுதிக்கு இரும்பு முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். மண்டபத்தை இடிக்க வேண்டியதில்லையாம். மற்ற இடமெல்லாம் தட்டிப் பார்த்ததில் திடமாக இருக்கிறது, அந்தத் துண்டுத் தளத்தை மட்டும் உடைத்துப் புதிதாகப் போட்டு, குழாயையும் மாற்றினால் மண்டபம் இன்னும் ஒரு தலைமுறைக்கு நிற்கும் என்றார். அதைக் கேட்டதும் அண்ணன் முகத்தில் பழைய களை வந்தது. "மொதல்ல இதக் கவனிச்சது யாருங்க?" என்று இன்ஜினியர் கேட்டதற்கு, அண்ணன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "எந் தங்கச்சி மகன். இதுக்குன்னே சென்னையில படிக்கிறான்" என்றார். இடிவதற்குப் படிக்கிறான் என்று சொல்லவில்லை.

இதையெல்லாம் மலர் உனக்கு உடனே போனில் சொல்லத் துடித்தாள். நான்தான் தடுத்தேன். உன்னைப் பேசக் கூடாததெல்லாம் பேசியவள் நான், நானே சொல்ல வேண்டும் என்று பட்டது. தம்பி, அன்றைக்கு நான் உன்னைப் பேசியது தப்பு. பொய் சொல்லத் தெரியாத பிள்ளையைப் பெற்றுவிட்டு, அவனை ஒரு பொய் சொல்லச் சொல்லிக் கெஞ்சினேன். ஊர் வாய்க்குப் பயந்து செய்தேன். அந்த ஊர்தான் பந்தியில் வந்து அந்த மூலையில் உட்கார்ந்திருக்கும்.

இதனால் உன்மேல் தப்பே இல்லை என்று நினைத்துத் தலையை நிமிர்த்தாதே. தாய் என்ற உரிமையில் கொஞ்சம் சொல்கிறேன், கேட்டுக்கொள். ஒருவர் தன் கட்டடத்தைக் காட்டக் கூப்பிட்டால், முதலில் அவர் கொடுக்கும் காபியை வாங்கிக் குடி. அன்றைக்கு நீ மேசையில் வைத்த டம்ளரை அண்ணன் போகும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் எதை ஆசையாகக் காட்டுகிறாரோ அதைப் பார். மண்டபத்துத் தூண்கள் திடமாக இருப்பதாக அந்த இன்ஜினியர் முதலில் சொன்னார், அதற்குப் பிறகு அவர் சொன்ன கெட்டதை எல்லாம் அண்ணன் பொறுமையாகக் கேட்டார். நல்லதும் உன் கண்ணில் பட்டதுதானே, அதையும் சொன்னால் என்ன? டாக்டர் வியாதியைச் சொல்லும்போது மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டுத்தான் சொல்லுவார். நீ சம்பந்தி காதில் விழும்படி சொன்னாய். மாமா தோளில் கைபோட்டு வெளியே கூட்டிப்போய், "மாமா, எனக்கு அந்த மூலை சரியாப் படல" என்று சொல்லியிருந்தால் அவர் அன்றைக்கே ஏணியைத் தூக்கியிருப்பார். ஒவ்வொரு கட்டடமும் ஒருவர் வியர்வை, தம்பி. வெளிநாட்டில் வெயிலில் நின்றவன் வீடு கட்டினால் அந்தச் சுவரில் அவன் தோல் ஒட்டியிருக்கும். உன் அப்பாவைப் பார்த்தவனுக்கு நான் இதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் என்ன பக்குவமாகச் சொன்னாலும், சொல்லும் விஷயத்தை மட்டும் மாற்றாதே. பார்த்ததைப் பார்த்தேன் என்று எழுது, பார்க்காததைப் பார்க்கவில்லை என்று எழுது என்று உங்கள் வகுப்பில் முதல் நாளே சொல்லிக்கொடுத்ததாக ஒருமுறை சொன்னாய். இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு காலேஜா என்று நான் சிரித்தேன். அது எவ்வளவு கஷ்டம் என்று இப்போது தெரிகிறது. சொந்தத் தாய் அழுதாலும், தாய்மாமன் மாலையைத் தர மாட்டேன் என்றாலும், பார்க்காததை நல்லா இருக்கு என்று சொல்லாமல் பஸ் ஏறிப் போவதற்கு நெஞ்சில் தெம்பு வேண்டும். அது உனக்கு இருக்கிறது. அதை யாரோ ஒரு கான்ட்ராக்டரிடம் போய் வீணாக்காதே. இந்த மாவட்டத்தில் மழைக்கு முந்தி முடிக்கப் பார்த்துக் கட்டியது, குவைத்துக் காசில் கட்டியது, அவசரத்தில் கட்டியது என்று எத்தனையோ கட்டடம் நிற்கிறது. எல்லாவற்றிலும் ஒரு காலண்டர் தொங்குகிறது. அதை நகர்த்திப் பார்க்க ஆள் வேண்டாமா? படிப்பை முடி. சீனியர் யாரிடமாவது கூடவே நடந்து தொழிலைக் கற்றுக்கொள். சென்னையில் இருந்தாலும் சரி, புதுக்கோட்டைக்கு வந்தாலும் சரி, எனக்குச் சந்தோஷம்தான். பில்டிங்குக்கு டாக்டர் என்று இனி வெட்கமில்லாமல் சொல்லிக்கொள்வேன்.

கல்யாணம் தை மாசம், அதே தேதி, அதே முகூர்த்தம்தான். மண்டபத்துக்குப் பக்கத்துத் திடலில் பந்தல் போடுகிறோம். பந்தியும் அங்கேதான். வாக்குக் கொடுத்த இடத்தை விட்டு ஒரு சுவர் தள்ளி நடக்கிறது, அவ்வளவுதான் என்கிறார் அண்ணன். நேற்று வீட்டுக்கு வந்து உன் அறையை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அவனுக்கு எழுது. மாமன் வந்து கூப்புடணும்னா சென்னைக்கே வாரேன். மாப்ளைய அழைச்சுட்டு வர மச்சான்காரன் வாசல்ல நிக்கணும். அவன் நின்னாத்தான் நான் மாலையத் தொடுவேன்." போன தடவை நீ வந்தால் தான் வரமாட்டேன் என்றவர், இந்தத் தடவை நீ வராவிட்டால் வரமாட்டேன் என்கிறார். எனக்கு வாய்த்த அண்ணனும் மகனும் இப்படி இருந்தால் நான் யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

இன்னொன்று சொல்ல விட்டுப்போய்விட்டது. தீபாவளிக்கு நீ போன மறுவாரமே முன்னறைச் சுவரில் அடித்திருந்த சந்தனக் கலரையும் பட்டியையும் நானே சுரண்டி எடுத்தேன். உன் அலமாரியில் இருந்த பொட்டலத்தைப் பிரித்து, ஒரு கண்ணாடித் துண்டை எடுத்து, நீ ஒட்டிய மாதிரியே விரிசலுக்குக் குறுக்கே ஒட்டிப் பக்கத்தில் தேதி எழுதினேன். கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கிறது, வந்து சிரிக்காதே. கல்யாணத்துக்கு வீடு முழுக்கப் பெயின்ட் அடித்தபோது பெயின்டர், "ஏக்கா, வாசலத் தாண்டுனதும் கண்ணுல படுற எடம். இத மட்டும் விட்டா அசிங்கமா இருக்காதா?" என்றான். "இருக்கட்டும், அதுல கை வச்ச, பிச்சுப்புடுவேன்" என்றேன். காலண்டர் இப்போது அடுப்படியில் தொங்குகிறது. வருகிறவர்கள் எல்லாம் இது என்ன என்று கேட்கிறார்கள், நானும் சலிக்காமல் சொல்கிறேன்.

ஐப்பசி மழை, கார்த்திகை மழை எல்லாம் பெய்து ஓய்ந்துவிட்டது. தினமும் வாசலில் கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்ததும் முதலில் அதைத்தான் பார்க்கிறேன். கண்ணாடி உடையவில்லை. ஆனால் அதை வைத்து வீடு நல்லா இருக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். அது உன் வேலை. நீ வந்து பார்த்துச் சொல்லு.

இப்படிக்கு,
உன் அம்மா